தேவகன்னியை மேடையில் பாட வைத்தவர்

மராத்தி சங்கீத நாடகத்தின் தந்தை அண்ணாசாஹேப் கிர்லோஸ்கர் வாழ்க்கை

(கோந்த்வா நிருபர்)

கிர்லோஸ்கர் என்ற பெயரைக் கேட்டதும் புனே தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ஜின்தான். கட்கியில் உள்ள ஆயில் என்ஜின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் நம்மில் உண்டு. சொந்த ஊரில் கிணற்று மேட்டில் அந்தப் பெயர் பொறித்த பம்பு செட்டின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களும் உண்டு.

ஆனால், மராட்டிய மண்ணில் அந்தப் பெயரை முதலில் புகழ் பெறச் செய்தது என்ஜின் அல்ல. நாடகம்!

என்ஜின் தொழிலைத் தொடங்கிய லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869-ல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே, அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு கிர்லோஸ்கர் புனேயில் கொடி நாட்டிவிட்டார். அவருடைய முழுப் பெயர் பல்வந்த் பாண்டுரங்க கிர்லோஸ்கர். மக்கள் அன்போடு அழைத்த பெயர் அண்ணாசாஹேப்.

நம்மைப் போலவே வெளியூரிலிருந்து புனேக்கு வந்தவர். நம்மில் பலரைப் போலவே காகிதக் கட்டுகளுக்கு நடுவே சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். பாட்டி சொல்லும் தேவகன்னிக் கதைக்கும், பண்டிதர்கள் போற்றும் காளிதாசனின் நாடகத்துக்கும் நடுவே ஒரு பாலம் போட்டவர். அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

கன்னடச் சீமையில் பிறந்தார்

1843-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி அண்ணாசாஹேப் பிறந்தார். பிறந்த ஊர் குர்லஹொசூர். இன்றைய கர்நாடக மாநிலத்தில், பெல்காம் மாவட்டத்தில் உள்ள கிராமம் அது. வீட்டில் மராத்தி, வெளியே கன்னடம். இரண்டு மொழியும் அவருக்குத் தாய்மொழி போலவே ஆயின.

எல்லைப்புறத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பக்கத்துக் கதைகளும் காதில் விழும். இரண்டு பக்கத்துப் பாட்டுகளும் நாவில் ஏறும். கன்னட நாட்டில் வழங்கிய கர்நாடக இசை மெட்டுகளை அவர் சிறு வயதிலேயே கேட்டார். மராத்தி அபங்கங்களையும் கேட்டார். பின்னாளில் அவருக்குக் கை கொடுத்தது இந்தச் செல்வம்தான்.

அவர் பிறந்த அதே 1843-ல், சாங்லி சமஸ்தானத்தில் இன்னொரு முக்கியமான சம்பவம் நடந்தது. விஷ்ணுதாஸ் பாவே என்பவர், சாங்லி மன்னரின் ஆதரவில் 'சீதா சுயம்வரம்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். மராத்தி நாடக மேடையின் பிறப்பு என்று மராத்தியர்கள் கொண்டாடுவது அந்த நாளைத்தான்.

இங்கே தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி (1684-1712) அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மராத்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் நாடகங்கள் எழுதி வைத்தார். கிடைத்திருக்கும் மிகப் பழைய மராத்தி நாடகங்கள் நம் தஞ்சை சரஸ்வதி மகாலில் இருந்து வந்தவை. எனவே, மராத்தி நாடகம் நமக்கு அந்நிய வீடு அல்ல.

நாடகப் பைத்தியம்

மேல் படிப்புக்காக அண்ணாசாஹேப் இளம் வயதில் புனே வந்தார். வந்த இடத்தில் பாடப் புத்தகத்தைவிட நாடகக் கொட்டகையே அவரை இழுத்தது. நாடகக் குழுக்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். சொந்தமாக ஒரு குழுவும் அமைத்துப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. படிப்பும் முழுமை பெறவில்லை.

வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே! பெல்காமில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு புனேயில் ரெவினியூ கமிஷனர் கச்சேரியில் உத்தியோகம் கிடைத்தது. இதற்கிடையே 1873-ல், ஆதிசங்கரரின் திக்விஜயத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதி வெளியிட்டார். அது பெரிதாகப் பேசப்படவில்லை.

இப்படியே வயது 37 ஆகிவிட்டது. சாதாரணமாக அந்த வயதில் ஒரு மனிதன், இனி நம் வாழ்க்கை இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவான். கச்சேரி, வீடு, மாதச் சம்பளம் என்று காலத்தை ஓட்டுவான். அண்ணாசாஹேப்பும் அப்படி ஓய்ந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பரிகளின் ஆட்டம்

1880-ம் ஆண்டு. பம்பாயிலிருந்து ஒரு பார்சி நாடகக் கம்பெனி புனேக்கு வந்து முகாம் போட்டது. அவர்கள் நடத்திய உருது நாடகத்தின் பெயர் 'இந்திர சபா'. அதைப் பார்க்கப் போன கூட்டத்தில் அண்ணாசாஹேப்பும் இருந்தார். அந்த ஓர் இரவுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது என்று மராத்தி நாடக வரலாறு சொல்கிறது.

'இந்திர சபா' லட்சுமணபுரி என்று சொல்லப்படும் லக்னோவில் பிறந்த நாடகம். 1850-களில், நவாப் வாஜித் அலி ஷா காலத்தில், அமானத் என்ற உருதுக் கவிஞர் எழுதியது. கதை இதுதான்:

இந்திரனின் சபையில் நான்கு பரிகள் இருக்கிறார்கள். பரி என்றால் பாரசீகக் கதைகளில் வரும் இறக்கை முளைத்த தேவதை. புஷ்பராகப் பரி, நீலப் பரி, மாணிக்கப் பரி, பச்சைப் பரி என்று நால்வருக்கும் நவரத்தின நிறத்தில் பெயர். பச்சைப் பரி, பூலோகத்தில் மாடியில் உறங்கும் குல்பாம் என்ற இளவரசனைக் கண்டு மயங்குகிறாள். கறுப்புப் பூதம் ஒன்றை ஏவி, தூங்குகிறவனை அப்படியே தூக்கி வரச் செய்கிறாள்.

இந்திரனின் சபையைப் பார்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்கிறான். ஒளித்து வைத்து அழைத்துப் போகிறாள். சிவப்புப் பூதம் கண்டுபிடித்துவிடுகிறது. இந்திரனுக்குக் கோபம் வருகிறது. மானிடனைக் காப் மலையில் உள்ள கிணற்றில் தள்ளுகிறான். பரியின் இறக்கைகளை வெட்டிப் பூமிக்குத் துரத்துகிறான்.

இறக்கை போன பரி என்ன செய்தாள்? யோகினி வேடம் பூண்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பாட்டின் புகழ் இந்திரன் காதுக்கு எட்டியது. வரவழைத்துக் கேட்டான். மெய்மறந்தான். என்ன வேண்டும் கேள் என்றான். அவள் குல்பாமைக் கேட்டாள். அவளைக் காப்பாற்றியது இறக்கை அல்ல, பாட்டு!

இந்த நாடகத்தில் நடிகர்களே பாடினார்கள். பேச்சைவிடப் பாட்டுதான் அதிகம். பார்சி கம்பெனிகள் இதைக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்கும், பினாங்குக்கும், சிங்கப்பூருக்கும் கொண்டுபோயின. சிங்கள 'நூர்த்தி' மேடையும், மலாய் 'பங்சவான்' மேடையும் அந்தக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தவையே. தமிழிலும் 'இந்திர சபா' நாடகமாக நடந்தது. 1936-ல் சினிமாவாகவும் வந்தது.

ஏழு கற்கள்

பரி என்பவள் பாரசீகத்திலிருந்து வந்தவள். ஆனால் அவளைப் பார்த்த புனே ஜனங்களுக்கு அவள் புதியவளாகத் தோன்றவில்லை. ஏன்?

எங்கள் கோந்த்வா பகுதியில் ஒரு பழைய கிணறு உண்டு. அதன் ஓரத்தில் செந்தூரம் பூசிய ஏழு சிறு கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரை ஒரு நாள் அந்த வழியாக அழைத்துப் போனேன். தாயாருக்கு மராத்தி ஒரு வார்த்தை தெரியாது. கற்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். கன்னிமார் என்று என்னிடம் சொன்னார். அங்கே தண்ணீர் எடுக்க வந்த மராத்தி மூதாட்டியிடம் விசாரித்தேன். ஸாத்தி ஆஸரா என்றார். ஏழு அப்ஸரஸுகள் என்பதன் கிராமத்து வழக்குதான் அது.

கொங்கு நாட்டு ஏரிக்கரையில் ஏழு கன்னிமார். மராட்டியத்துக் கிணற்றடியில் ஏழு ஆஸரா. நீர்நிலையில் குளிக்க இறங்கும் தேவகன்னி, அவள் சேலையை ஒளித்து வைக்கும் வாலிபன், பிள்ளையைப் பெற்றுவிட்டு ஒரு நாள் வானுலகம் திரும்பிவிடும் தாய் என்று நம் பாட்டிமார் சொன்ன கதை, பல நாடுகளில் பல உருவத்தில் வழங்குகிறது. ஆங்கிலேயரின் கிராமங்களிலும் இப்படிக் குறும்புத் தேவதைகள் உண்டு. அவர்களை 1590-களில் மேடைக்கு அழைத்து வந்தவர் ஷேக்ஸ்பியர். 'நடு வேனிற் கனவு' என்று தமிழில் அறியப்படும் அவருடைய நாடகம் அந்தக் கதைகளின் மேல் எழுந்ததே.

அண்ணாசாஹேப்பும் அத்தகைய வழியில்தான் நடந்தார். ஆனால் இறக்கை கட்டிய பரியை அப்படியே மராத்தியில் இறக்கவில்லை. இறக்கையை விட்டுவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டார்! அந்தப் பாட்டை யார் வாயில் வைப்பது என்று யோசித்தார். காளிதாசனின் சகுந்தலை அவர் கண்முன் வந்து நின்றாள்.

சகுந்தலை யார் மகள்?

சகுந்தலை நாடகம் பண்டிதர்களின் சொத்து என்று நாம் நினைக்கிறோம். 1789-ல் சர் வில்லியம் ஜோன்ஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ஐரோப்பாவே வியந்தது. ஜெர்மானிய மகாகவி கதே அதைப் போற்றினார். ஆனால், மேல்பூச்சைச் சற்றே விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது தேவகன்னிக் கதைதான்.

சகுந்தலை மேனகையின் மகள். மேனகை தேவலோக மங்கை. விசுவாமித்திரரின் தவத்தைக் கலைக்க வந்தவள், பெண் குழந்தையைப் பெற்றுக் காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பாட்டி கதையில் வரும் அதே தாய்!

நாடகம் முழுவதும் இந்தத் தேவதைகளின் கை தெரிகிறது. சகுந்தலை புருஷன் வீடு புறப்படும்போது, ஆசிரமத்து மரங்களே பட்டாடையும் நகையும் தருகின்றன, வனதேவதைகள் வாழ்த்துகின்றன. துஷ்யந்தன் அவளை ஏற்க மறுத்ததும், பெண் வடிவான ஓர் ஒளி வந்து அவளைத் தூக்கிச் செல்கிறது. பின்னர் ஒரு தேவமங்கை கண்ணுக்குத் தெரியாமல் நின்று, துஷ்யந்தன் வருந்துவதை வேவு பார்க்கிறாள். கடைசியில் அவன் மனைவியையும் மகனையும் காண்பது, இந்திரனுக்கு உதவப் போய்த் திரும்பும் வழியில்தான்.

மகாபாரதத்தில் உள்ள சகுந்தலை கதையில் துர்வாசரின் சாபம் இல்லை, மோதிரமும் இல்லை. தொலைந்த மோதிரம் மீன் வயிற்றில் கிடைப்பது காளிதாசன் சேர்த்தது. அதுவும் மக்களிடையே வழங்கும் கதைச் சரக்குதான். ஆக, மகாகவியே கிராமத்துத் திண்ணையில் கடன் வாங்கியிருக்கிறான். அண்ணாசாஹேப் செய்தது, அந்தக் கடனைத் திண்ணைக்குத் திருப்பிக் கொடுத்ததுதான்.

அரங்கேறியது!

அந்நாளில் மராத்தி மேடையில் பாத்திரங்கள் பாடுவது வழக்கம் இல்லை. பாவே காலத்திலிருந்தே சூத்திரதாரிதான் எல்லோருக்காகவும் பாடுவார். நடிகர்கள் அபிநயம் பிடிப்பார்கள். வசனத்தை அவ்வப்போது இட்டுக்கட்டிப் பேசுவார்கள். ராமர் சோகத்தில் இருந்தாலும், ராவணன் கோபத்தில் இருந்தாலும் பாட்டு சூத்திரதாரியுடையது.

அண்ணாசாஹேப் இதை மாற்றினார். அழுகிறவளே பாட வேண்டும், காதலிக்கிறவனே பாட வேண்டும் என்று முடிவு செய்தார். சகுந்தலையின் மராத்தி மொழிபெயர்ப்புகள் முன்பே வந்திருந்தன. ஆனால் அவற்றைப் படிக்கலாம்; பாட முடியாது. இவர் சுலோகங்களைப் பாட்டாக்கினார். ஓவி, சாகி, திண்டி என்று மராத்தி வீடுகளிலும் கீர்த்தனைகளிலும் புழங்கிய மெட்டுகள், லாவணி, ஹிந்துஸ்தானி ராகம், பிறந்த மண்ணின் கர்நாடக மெட்டு எல்லாம் அதில் கலந்தன. பாட்டுகள் மட்டும் 200-ஐ நெருங்கின.

1880-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி, புனே புதவார்ப்பேட்டையில் இருந்த ஆனந்தோத்பவ் அரங்கில் 'சங்கீத சாகுந்தல்' அரங்கேறியது. முதல் நான்கு அங்கங்கள் மட்டுமே அன்று தயாராகி இருந்தன. சூத்திரதாரியாக அண்ணாசாஹேப்பே மேடையில் நின்றார். மோரோபா வாகோலிகர் துஷ்யந்தனாகவும், பாலகோபா நாட்டேகர் கண்வ முனிவராகவும் நடித்தனர்.

வேஷம் கட்டுவது மரியாதையான தொழில் அல்ல என்று குடும்பஸ்தர்கள் எண்ணிய காலம் அது. ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், காளிதாசனைப் பார்சிக்காரர் பாணியில் பாட்டு நாடகம் ஆக்கி, தானே மேடை ஏறி நிற்பது சாமானியத் துணிச்சல் அல்ல. பாட்டு எடுபடாமல் போயிருந்தால் கச்சேரியில் தலை காட்ட முடியாது!

ஆனால் பாட்டு எடுபட்டது. நான்காம் அங்கம் என்பது சகுந்தலை ஆசிரமத்தை விட்டுப் புறப்படும் கட்டம். வளர்த்த தந்தை கண் கலங்க நிற்கிறார். மான்குட்டி முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து ரயில் ஏற்றி அனுப்பிய தகப்பன் எவனுக்கும் அந்தக் கட்டத்தைப் பண்டிதர் வந்து விளக்க வேண்டியதில்லை. தேவலோகத்தில் தொடங்கிய கதை, கடைசியில் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றது. அண்ணாசாஹேப்பின் வெற்றி அங்கேதான் இருக்கிறது.

இந்த நாடகத்துக்கு அவர் எழுதிய நாந்தி, அதாவது இறைவணக்கப் பாட்டு, நாடக விழாக்களிலும் சங்கீத நாடகங்களின் தொடக்கத்திலும் பாடப்படும் பாட்டாக மராத்தியில் நிலைத்துவிட்டது.

தூக்கிச் சென்ற கடோத்கஜன்

1882-ல் அவருடைய குழுவில் பாவுராவ் கோல்ஹட்கர் என்ற இளைஞர் சேர்ந்தார். வயது 19. இனிய குரல், எடுப்பான தோற்றம். பெண்கள் மேடை ஏறாத காலம் ஆதலால், சகுந்தலை வேடம் அவருக்கு வந்தது. அவர் பாடுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது.

அதே 1882-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி 'சங்கீத சௌபத்ர' நாடகத்தின் முதல் மூன்று அங்கங்கள் அரங்கேறின. முழு நாடகம் 1883-ல் வந்தது. அர்ச்சுனன் சுபத்திரையை மணக்கும் கதை. துரியோதனனுக்குப் பேசி முடித்த பெண்ணை, கண்ணனின் ஏற்பாட்டில் கடோத்கஜன் தூக்கிப் போய்க் காட்டில் அர்ச்சுனன் இருக்கும் இடத்தில் விடுகிறான். பிறகு அர்ச்சுனன் சந்நியாசி வேடத்தில் துவாரகைக்கு வருகிறான்.

தூங்குகிறவனைப் பூதம் தூக்கி வரும் 'இந்திர சபா' காட்சி வாசகர்களுக்கு இப்போது நினைவுக்கு வரலாம். 1957-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜன் செய்யும் வேலையும் நினைவுக்கு வரலாம். ஒரே கதைச் சரடுதான் எத்தனை கைக்கு மாறுகிறது! ஆனால் சௌபத்ரத்தில் பூதத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. பேச்சில் நகைச்சுவை, சண்டையில் குடும்பப் பாசம், பலராமரின் முன்கோபம், கண்ணனின் கள்ளச் சிரிப்பு என்று, அண்டை வீட்டுக் கல்யாணத்தைப் போல நாடகம் நடக்கிறது. இன்றும் மராத்தியர் விரும்பிப் பார்க்கும் சங்கீத நாடகங்களில் அது ஒன்று.

42 வயதில் முடிந்தது

1884-ல் 'ராமராஜ்ய வியோக்' என்ற மூன்றாவது சங்கீத நாடகத்தைத் தொடங்கினார். ராமர் பட்டம் இழந்து காடு செல்லும் கதை. மூன்று அங்கங்கள் எழுதி மேடை ஏற்றினார். மேற்கொண்டு எழுதக் காலம் இடம் தரவில்லை.

1885-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி, பிறந்த ஊரான குர்லஹொசூரில் அண்ணாசாஹேப் காலமானார். அப்போது வயது 42 தான். 'சாகுந்தல்' அரங்கேறி ஐந்து ஆண்டுகளும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன. 37 ஆண்டுகள் விதை போட்டார். ஐந்தே ஆண்டுகள் அறுவடை செய்தார்.

அவருக்குப் பின்னும் கிர்லோஸ்கர் நாடக மண்டலி ஓயவில்லை. அவரிடம் பயின்ற கோவிந்த் பல்லாள் தேவல் புகழ்பெற்ற நாடகாசிரியர் ஆனார். 1905-ல் நாராயண ராஜஹன்ஸ் என்ற இளைஞர் மண்டலியில் சேர்ந்து சகுந்தலை வேடம் ஏற்றார். அவர்தான் பால கந்தர்வர்! தேவலோகப் பாடகனின் பெயரால் அவரை அழைத்தவர் திலகர் என்று சொல்வார்கள். புனேயில் ஜங்கிலி மகராஜ் சாலையில் 1968-ல் திறக்கப்பட்ட பால கந்தர்வ ரங்கமந்திர் அவர் பெயரைத் தாங்கியதே. பாடகி லதா மங்கேஷ்கரின் தந்தை தீனாநாத்தும் அந்த மண்டலியில் நடித்தவர்தான்.

தமிழ் மேடையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் பெரிய மாற்றம் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அல்லி, பவளக்கொடி, வள்ளி என்று மக்கள் வாயில் வாழ்ந்த பெண்களை மேடையில் பாட வைத்தார். பார்சி மெட்டும் ஹிந்துஸ்தானி மெட்டும் நம் நாடகங்களில் புகுந்தன. 1940-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' படம் வந்தபோது, காளிதாசனின் மகள் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டி எங்கும் பாடினாள்.

நமக்கு என்ன?

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தெருவில் மராத்தி பேசுகிறார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். அதில் தவறு இல்லை. பிழைக்க வந்த இடத்தின் மொழி சோறு போடும். ஆனால் ஷிப்டு முடிந்து களைத்து வரும் தகப்பனுக்குக் கதை சொல்ல நேரம் இல்லை. பாட்டியோ ஊரில் இருக்கிறாள். ஏழு கன்னிமார் யார் என்று கேட்டால் என் மகளுக்குத் தெரியவில்லை. கிணற்றடியில் பாட்டி கைகூப்பியதைப் பார்த்த பிறகுதான் கேட்டாள். அன்று இரவு எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பாதியில் எனக்கே மறந்துவிட்டது. மீதியை என் தாயார் சொல்லி முடித்தார்.

ஊரை விட்டு வரும்போது நிலத்தைக் கொண்டுவர முடியாது. கோயிலைக் கொண்டுவர முடியாது. கதைக்கும் பாட்டுக்கும் டிக்கெட் கிடையாது, லக்கேஜ் கட்டணமும் கிடையாது. குர்லஹொசூரிலிருந்து அண்ணாசாஹேப் புனேக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சரக்கைத்தான். அதை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. வந்த ஊரின் மொழியில் பாடிக் காட்டினார். அந்த ஊரும் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

பால கந்தர்வ அரங்கின் பக்கம் போகும்போது, வாசல் விளம்பரத்தில் 'சங்கீத சௌபத்ர' அல்லது 'சங்கீத சாகுந்தல்' என்ற பெயர் தென்பட்டால், ஒரு நாள் மாலை பிள்ளைகளுடன் உள்ளே சென்று பாருங்கள். மொழி முழுவதும் புரியாவிட்டாலும் கதை நமக்குத் தெரிந்ததுதான்.